மலைச்சரிவு வேளாண்மையும் மண் அரிப்பும் (காவிரிப் படுகை)

மலைச்சரிவில் உழுது பயிரிட்ட நிலத்தின் மேல்மண்ணை மழைநீர் கரைத்துக் கொண்டுபோவது மண் அரிப்பு. காவிரிப் படுகையில் இது குடகிலும் நீலகிரியிலும் நிகழ்கிறது. மழைத்துளி மோதி மண்கட்டி உடைகிறது. மட்கும் களித்துகளும் முதலில் கரைந்து நெடுந்தொலைவு செல்கின்றன. கனத்த மணல், ஓட்டம் தளரும் இடத்தில் படிகிறது. மேட்டுக்கு இழப்பானது கீழே டெல்டாவிலுள்ள தஞ்சைக்கு வண்டலாயிற்று.

நீலகிரியில் படுகர்கள் ராகியும் சாமையும் விதைத்துவந்தனர். 1820களில் கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் கொண்டுவந்த ஐரோப்பியக் காய்கறிகளுள் உருளைக்கிழங்கு நிலைத்தது. நீர் தேங்கினால் கிழங்கு அழுகும் என்பதால் பார்களைச் சரிவின் போக்கிலேயே மேலிருந்து கீழாக இழுத்தனர். பார்களுக்கு இடையிலான ஒவ்வொரு இடைவெளியும் ஒரு வாய்க்காலாகி மண்ணை இறக்கியது. அடர்ந்து வளர்ந்த தேயிலை இவ்வளவு மண்ணை விடுவதில்லை.

மலையிலிருந்து இறங்கும் மண்ணின் போக்கைத் தெளிவாகக் காட்டுவது தஞ்சை டெல்டாவின் அணை வரலாறு. திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது. கொள்ளிடம் தாழ்வானது, நேரானது. ஆகவே நீர் அதில் பாய, ஓட்டம் குறைந்த காவிரியில் மணலும் வண்டலும் ஏறி ஆற்றின் அடி உயர்ந்தது. தஞ்சை வயல்களுக்கு நீர் குறைந்தது. இதைச் சரிசெய்ய, சோழ மன்னன் கரிகாலன் கட்டிய கல்லணையை 1804இல் கால்டுவெல் என்னும் ஆங்கிலப் பொறியாளர் உயர்த்தினார். ஆனால் காவிரியின் மணல்மேடு மேலும் வளர்ந்தது. 1830இல் கல்லணையில் மணல்போக்கி மதகுகள் வைக்கப்பட்டன. ஆங்கிலப் பொறியாளர் ஆர்தர் காட்டன் 1836இல் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணை கட்டியதும் நிலைமை தலைகீழானது: காவிரிக்கு நீர் மிகுந்து அதன் அடி அரிபடத் தொடங்கியது. 1840களில் மேலணையின் நடுப்பகுதியைத் தாழ்த்தி, காவிரியின் அடியிலும் தடுப்புச்சுவர் எழுப்பினர். நீரைப் பங்கிடுவது அரைவேலை, மண்ணைப் பங்கிடுவதே முழுவேலை என்பதைத் தஞ்சை இவ்வாறு கற்றது.

1934இல் மேட்டூர் அணையும் 1955இல் பவானிசாகர் அணையும் முடிந்தபின் மலை மண்ணுக்கும் டெல்டாவுக்கும் இருந்த தொடர்பு அறுந்தது. குடகு மண் கிருஷ்ணராஜ சாகர் அணையிலும் மேட்டூரிலும் தங்குகிறது. நீலகிரி மண்ணை மோயாறும் பவானியும் பவானிசாகருக்குள் கொண்டுசேர்க்கின்றன. வண்டலின் இடத்தை வயலில் உரமூட்டை பிடித்தது; அது வண்டலுக்கு ஈடாகாது.

உதகமண்டலத்தில் மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் 1954 முதல் இயங்குகிறது. மலைப்பக்கம் உள்சாய்ந்த படிமட்ட வயல், சமஉயர வரப்பு, குறுக்குப் பார் ஆகியவை அது பரிந்துரைக்கும் முறைகள். இவற்றுள் படிமட்டமே சிறந்தது, ஆனால் செலவு மிகுதி. மலையில் மண்ணைத் தடுப்பதோடு, மேட்டூர் நீர்த்தேக்கத்தில் ஏற்கெனவே தேங்கிய வண்டலை உழவர்கள் எடுத்துச்செல்லவும் 2017இல் தமிழ்நாடு அரசு அனுமதித்தது.