மண்ணீரலில் தொடங்கிய பதிவேடு

கிள்ளான் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி மருத்துவர் தொட்டுப் பார்க்கும் வழக்கத்துக்கு நூறு வயது தாண்டிவிட்டது. அன்று பார்த்தவர்கள் கண்ணையோ பல்லையோ பார்க்கவில்லை. இடது விலாவுக்குக் கீழே விரல்களை வைத்து அழுத்தி, மண்ணீரல் வீங்கியிருக்கிறதா என்று பார்த்தார்கள். அடுத்த பிள்ளை வா என்றார்கள். அவ்வளவுதான்.

என் அப்பா கோலலங்காட் பக்கம் ஒரு கரையோரத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸராக இருந்தவர். அவர் காலத்தில் மலேரியா பெரும்பாலும் அடங்கிவிட்டது. ஆனாலும் லயத்தில் எந்தப் பிள்ளை காய்ச்சலோடு வந்தாலும் அவர் கை முதலில் போவது அந்த இடத்துக்குத்தான். “வயித்தத் தொட்டா தோட்டத்துக் கதை தெரியும்மா” என்பார். பந்திங்கில் தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக வேலை பார்த்து ஓய்வு பெற்ற பிறகுதான், அந்தக் கைப்பழக்கம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன்.

அது மால்கம் வாட்சன் என்ற மருத்துவரிடம் போய் நின்றது. 1901 ஜனவரியில் கிள்ளானுக்கு அரசாங்க மருத்துவராக வந்தவர். அதே ஆண்டு செப்டம்பரில் போர்ட் சுவெட்டன்ஹாம், அதாவது இன்றைய போர்ட் கிள்ளான், திறக்கப்பட்டது. திறந்த வேகத்திலேயே காய்ச்சல் பிடித்து ஆட்டியதில், துறைமுகத்தை மூடிவிடலாமா என்றுகூடப் பேச்சு எழுந்தது. கொசுதான் மலேரியாவைச் சுமக்கிறது என்பதை ரொனால்டு ராஸ் 1897இல் செகந்திராபாத்தில் கண்டுபிடித்து நான்கே ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. வாட்சன் அதை நம்பிச் சதுப்பை வெட்டி வடித்தார், காட்டை அழித்தார், பள்ளங்களைத் தூர்த்தார். கிள்ளானிலும் துறைமுகத்திலுமாகச் சேர்த்து 1901இல் காய்ச்சலால் இறந்தவர்கள் 368 பேர். 1902இல் 59 பேர். இவ்வளவு சீக்கிரம் கிடைத்த இது அந்தக் காலத்துக்குப் பெரிய வெற்றி.

ஊரை முடித்து அவர் தோட்டங்களுக்குப் போனார். ரப்பர் விலை ஏறிக்கொண்டிருந்த காலம். நாகப்பட்டினத்திலிருந்து கப்பல் கப்பலாக ஆட்கள் வந்து இறங்கிய காலம். எந்தத் தோட்டத்தில் மலேரியா கடுமை, எதில் குறைவு என்று எப்படித் தெரிந்துகொள்வது? பெரியவர்களைச் சோதித்துப் பயனில்லை. அவர்கள் காய்ச்சலை வேறெங்கோ வாங்கி வந்திருக்கலாம். லயத்திலேயே பிறந்து வேறு மண்ணை மிதிக்காத பிள்ளைக்கு மண்ணீரல் வீங்கியிருந்தால் நோய் அந்த மண்ணுடையது. நூறு பிள்ளைகளில் எத்தனை பேருக்கு வீக்கம் என்ற கணக்கை வைத்து ஒரு தோட்டத்தின் கதியையே சொன்னார்கள். வாட்சன் 1911இல் வெளியிட்ட நூலில் பக்கம் பக்கமாக இந்தக் கணக்குகள் வரும்.

அந்தக் கணக்கிலிருந்து கிடைத்த அறிவு சாதாரணமானதல்ல. எங்கள் பக்கத்துத் தாழ்ந்த கரையோர நிலத்தில் நோயைப் பரப்பிய கொசு, நிழல் விழுந்த காட்டுச் சதுப்பில் வாழ்வது. காட்டை வெட்டி வாய்க்கால் போட்டால் அது ஒழிந்துவிடும். உள்நாட்டு மலைத் தோட்டங்களிலோ வேறு இனம்; அது வெயில் படும் தெளிந்த ஓடைகளைத் தேடுவது. அங்கே காட்டை வெட்டினால் நோய் கூடும். ஒரே கோடரி ஓரிடத்தில் மருந்து, இன்னோரிடத்தில் நஞ்சு. இதைப் புரிந்துகொள்ளாத மலைத் தோட்டத்துத் துரைமார்கள் எத்தனை உயிரைக் காவு கொடுத்தார்கள் என்பது தனிக் கதை.

அறிவியலாக இதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் இந்த ஏற்பாட்டில் பிள்ளையின் வயிறு வெறும் மழைமானி. அளவு எடுத்தது பிள்ளைக்காக அல்ல, பால்மரம் வெட்டும் ஆட்கள் பெரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்கு, வருவதற்காக. அடுத்த நாற்பது ஆண்டுகளும் தோட்டத்துச் சுகாதாரம் இந்தக் கணக்கிலேயேதான் ஓடியது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும் என்றது. பள்ளிகள் வந்தன, கங்காணியோ கிராணியோ வாத்தியாராக நின்று பாடம் சொன்னார்கள். அந்தப் பிள்ளைகளுக்குப் பலகை தெரிகிறதா என்பதைப் பற்றிச் சட்டத்துக்குக் கவலை இல்லை.

கண்ணின் கதை 1931இல் எழுத்தில் வருகிறது. கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த ஜே. டபிள்யூ. ஃபீல்டு, மலாயாவில் குடியேறிய இந்தியர்களிடம் காணப்படும் வைட்டமின் ஏ பட்டினியைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். மலேரியா ஆய்வில் உலகம் அறிந்த பெயர் அவருடையது. இரத்தத்தில் அந்தக் கிருமியைச் சட்டென்று காட்டும் சாயத்துக்கு இன்றும் அவர் பெயர்தான். அதே மனிதர் எங்கள் சனங்களின் கண்ணையும் பார்த்திருக்கிறார். வைட்டமின் ஏ குறைந்தால் முதலில் வருவது மாலைக்கண். அப்போதும் கவனிக்காவிட்டால் கருவிழி வறண்டு, மென்மையாகி, கரைந்தே போய்விடும்.

பெரிபெரி நோயிலிருந்து தமிழர்களைக் காப்பாற்றியது அவர்கள் விடாமல் தின்ற புழுங்கல் அரிசி. இதை பிராடன் என்ற மருத்துவர் 1907லேயே எழுதிவிட்டார். கண்ணுக்கு அந்தச் சோறு உதவவில்லை. கீரை உதவியிருக்கும். லயத்துக்குப் பின்னால் முருங்கை நட்டவர்கள் வீட்டில் தப்பித்தார்கள் என்றே நினைக்கிறேன். விடியுமுன் தாய் வெட்டுக்குப் போய்விட, ஆயாக் கொட்டகையில் கிடந்த கைக்குழந்தைக்குக் கீரையை யார் கடைந்து ஊட்டுவது? டின் பால்தான் சுலபம். கொழுப்பை எடுத்துவிட்டுச் சர்க்கரை சேர்த்த அந்தப் பாலில் கண்ணுக்கு வேண்டியது எதுவும் இல்லை. சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவர் 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் எழுந்து நின்று, இப்படிப்பட்ட பாலைக் குழந்தைக்குக் கொடுக்கச் சொல்வது கொலைக்குச் சமம் என்று முகத்துக்கு நேரே பேசினார். பேச்சின் தலைப்பே ‘பாலும் கொலையும்’.

எனக்கு ஆறாதது வேறு. சிலாங்கூரில் 1917இலேயே தென்னமரம் தோட்டத்தில் செம்பனையை வணிகத்துக்காக நட்டுவிட்டார்கள். செம்பனைப் பழத்தின் கச்சா எண்ணெய் செக்கச்செவேல் என்று இருப்பது கரோட்டின் என்ற பொருளால். உடம்புக்குள் போனால் அது வைட்டமின் ஏ ஆகிறது. கேரட்டில் இருப்பதைவிடப் பல மடங்கு அதில் இருக்கிறது. சிவப்பு எண்ணெய் மாலைக்கண்ணுக்கு மருந்து என்று முப்பதுகளில் இங்கேயே ஆய்ந்து சொன்னார்கள். எண்ணெய் கப்பலேறியது. பின்னாளில் கடையில் நாங்கள் வாங்கியதோ நிறத்தை நீக்கி வெளுத்த எண்ணெய். நிறத்தோடு கரோட்டினும் போயிருக்கும். இன்று எங்கள் பக்கத்துக் கேரித் தீவில் எந்தப் பக்கம் திரும்பினாலும் செம்பனைதான்.

அதே கேரித் தீவில் மா மெரி மக்கள் இருக்கிறார்கள். முன்னோரின் ஆவிக்கு முகமூடி செதுக்கும் பூர்வக்குடிகள். அவர்களுடைய மருத்துவ வரலாறு எங்களுடையதைவிட ஒரு விதத்தில் மேல். மலாயாவில் கம்யூனிஸ்டுகளை எதிர்த்து நடந்த அவசரகாலத்தின்போது காட்டு மக்களைக் கம்யூனிஸ்டுகள் பக்கம் போகாமல் இழுக்க வேண்டிய கட்டாயத்தில்தான் அரசாங்கம் அவர்களுக்கு மருத்துவம் கொண்டுபோனது, அதுவும் கணக்குத்தான். ஆனால் கோம்பாக்கில் பூர்வக்குடி மருத்துவமனையை உருவாக்கிய மருத்துவர் மால்கம் போல்டன் ஒன்றைப் புரிந்துகொண்டார்: நோயாளியோடு குடும்பமும் வந்து தங்கட்டும் என்று விட்டார், பூர்வக்குடி இளைஞர்களையே மருத்துவப் பணியாளர்களாகப் பழக்கினார். எங்கள் தோட்டத்துத் தாய்க்கு இது கிடைக்கவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிள்ளானுக்குப் போனால் அன்றைய பேர், அதாவது நாள்கூலி, போச்சு, அரிசி போச்சு.

கண்ணுக்கென்று அமைப்புகள் பின்னால்தான் வந்தன. மலேசியப் பார்வையற்றோர் சங்கம் 1951இல் தொடங்கியது. பிரிக்பீல்ட்ஸில் வெள்ளைக் கோலோடு நடப்பவர்களை நீங்கள் அதிகம் பார்ப்பதற்குக் காரணம் அதன் தலைமையகம் அங்கே இருப்பதுதான். பெட்டாலிங் ஜெயாவில் துன் உசேன் ஓன் கண் மருத்துவமனையை 1986இல் எழுப்பியதும் அதே சங்கம். பார்வை போனவர்களுக்கான சங்கம் பார்வையைக் காக்கும் மருத்துவமனை கட்டியதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

இப்போது எங்கள் பள்ளிகளுக்கு வருகிறவர்கள் தொண்டர்கள். சனிக்கிழமை காலையில் கோலாலம்பூரிலிருந்து காரில் வந்து இறங்கும் இளம் பிள்ளைகள், கண் பரிசோதனை படித்தவர்கள். ஓய்வு பெற்ற பிறகும் என்னைக் கூப்பிடுவார்கள். பெயர் கூப்பிட, வரிசை பிடிக்க. ஆறு மீட்டர் தூரம் வேண்டும், வகுப்பறை பற்றாது, வெளியே அஞ்சடி நடைபாதையில்தான் அட்டையை மாட்டுவோம். எழுத்து அட்டையென்றால் வரிசையில் நிற்பவன் முன்னால் சொல்வதைக் கேட்டே மனப்பாடம் செய்துவிடுவான். அதனால் ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்தை நாலு திசைக்கும் திருப்பி அச்சிட்ட அட்டை. காலு எந்தப் பக்கம் நீட்டியிருக்கு, கையால காட்டு என்போம். மா மெரி கிராமத்தில் வைத்த முகாமிலும் அதே அட்டைதான், மொழியே வேண்டியதில்லை.

மாலைக்கண் போய்விட்டது. இன்று வருவது கிட்டப்பார்வை. அதைவிட, ஒரு கண்ணில் மட்டும் பவர் இருந்து ஒருவருக்கும் தெரியாமல் போவதுதான் கொடுமை. நல்ல கண்ணே எல்லா வேலையையும் செய்துவிடும். பிள்ளைக்கும் தெரியாது, தாய்க்கும் தெரியாது. ஏழெட்டு வயதுக்குள் கண்டுபிடித்தால் பார்வை திரும்ப நல்ல வாய்ப்பு உண்டு. தள்ளத் தள்ள அது குறைந்துகொண்டே போகும். எனவே முதலாம் ஆண்டு மாணவர்களை முதலில் அனுப்பச் சொல்லி நான் சண்டை போடுவேன். 2021இல் ஆறாம் ஆண்டுத் தேர்வு ரத்தாகும்வரை தலைமையாசிரியர்களுக்கு அந்த வகுப்புத்தான் கண்ணில் பட்டது.

ஒரு குறை எனக்கு இந்தத் தொண்டர்களிடம் உண்டு. தோட்ட முதலாளிகளுக்காக எடுத்த மண்ணீரல் கணக்கு நூலகத்தில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் படிக்கலாம். பிள்ளைகளுக்காகவே எடுக்கும் கண் கணக்கு கைப்பேசியில் படமாகி, மூக்குக் கண்ணாடி செய்யும் கடையோடு முடிந்துபோகிறது. போன வருசம் கண்ணாடி வாங்கியவன் இன்னும் போட்டிருக்கிறானா, பவர் ஏறியதா என்று கேட்டால் பதில் இல்லை. அதனால் நூறு பக்க நோட்டு ஒன்றை வாங்கி நானே கோடு போட்டிருக்கிறேன்: பெயர், வகுப்பு, வலது கண், இடது கண், கண்ணாடி கைக்கு வந்த தேதி, ஆறு மாதம் கழித்துப் போட்டிருக்கிறானா. கடைசிக் கட்டத்தை நிரப்பத்தான் ஆள் தேடிக்கொண்டிருக்கிறேன்.