குலுக்காத குதிரை

குதிரைச் சவாரி என்றதும் நமக்கெல்லாம் சினிமாதான் நினைவுக்கு வரும். கதாநாயகன் புழுதி பறக்க வருவார், தலைமுடி கூடக் கலையாது. நிஜமாகவே அரை மணி நேரம் குதிரை மேல் உட்கார்ந்தவர்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். இடுப்பு, முதுகு, தொடை என்று ஒவ்வொன்றாக வலிக்க ஆரம்பிக்கும். காரணம் 'டிராட்' எனப்படும் ஓட்டம். முன் வலது காலும் பின் இடது காலும் ஒன்றாக, அடுத்து முன் இடதும் பின் வலதும் ஒன்றாக என்று குறுக்கு ஜோடிகளாகக் குதிரை கால் வைக்கும். ஒரு ஜோடிக்கும் அடுத்த ஜோடிக்கும் நடுவே ஒரு கணம் நான்கு கால்களும் அந்தரத்தில் இருக்கும். தூக்கிப் போட்டு, இறக்கி, மறுபடியும் தூக்கிப் போட்டு... மேலே இருப்பவர் பாடு திண்டாட்டம்தான்!

ஆனால் இப்படிக் குலுக்காமலே வேகமாகப் போகும் குதிரைகளும் உண்டு. அவற்றில் மிகவும் பேர் பெற்றது அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் உருவான 'டென்னசி வாக்கிங் ஹார்ஸ்'. சாதுவான குணம், பஞ்சு மெத்தை போன்ற நடை. மனிதனின் முதுகு வலிக்கக் கூடாது என்பதற்காகவே வளர்க்கப்பட்ட இந்தக் குதிரையின் கால்களுக்குப் பிற்காலத்தில் என்ன வலி வந்தது, யாருக்காக வந்தது என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் அந்த நடையைப் பார்த்துவிடுவோம். அதன் பெயர் 'ரன்னிங் வாக்'. சாதாரண நடையில் கால்கள் எந்த வரிசையில் விழுமோ அதே வரிசைதான். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என ஒவ்வொரு காலும் தனித்தனியாகத் தரையைத் தொடும். எப்போதும் ஏதாவது ஒரு கால் தரையில் இருப்பதால் தூக்கிப் போடாது. அப்படியானால் வேகம் எங்கிருந்து வருகிறது? பின்னங்காலிலிருந்து. முன்னங்கால் பதித்த தடத்தைத் தாண்டி 6 முதல் 18 அங்குலம் வரை முன்னால் போய்ப் பின்னங்கால் விழும். ஒவ்வொரு அடிக்கும் தலை மேலும் கீழுமாக ஆடும். ஓடாமல், நடந்தபடியே மணிக்கு 10 மைல் (16 கி.மீ.) வேகத்தை எட்டிவிடும்.

இது பயிற்சியால் வருவதா, பிறவியிலேயே உள்ளதா என்ற கேள்வி நெடுநாள் இருந்தது. 2012-ல் ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 'டிஎம்ஆர்டி3' என்ற மரபணுவில் ஏற்பட்ட ஒரு மாற்றத்தைக் கண்டுபிடித்தார்கள். தண்டுவடத்தில் கால்களை ஒருங்கிணைக்கும் நரம்பு செல்கள் உருவாவதில் இந்த மரபணுவுக்குப் பங்கு உண்டு. இந்த ஒரு மாற்றம்தான் குதிரையை 'டிராட்' என்ற கட்டாயத்திலிருந்து விடுவிக்கிறது. 2016-ல் இன்னொரு குழு பழைய குதிரை எலும்புகளைச் சோதித்தது. அதில் இந்த மாற்றம் கிடைத்த மிகப் பழைய எலும்புகள் இங்கிலாந்தின் யார்க் நகரைச் சேர்ந்தவை, சுமார் கி.பி. 850-900 காலத்தவை. ஐஸ்லாந்தில் வைக்கிங்குகள் காலத்துக் குதிரைகளிலும் இது நிறையவே இருந்தது.

ஆக, மெத்தென்ற நடை ஆயிரம் வருடத்துக்கும் மேற்பட்ட சரக்கு. மத்திய கால ஐரோப்பாவில் தூரப் பயணத்துக்கு இந்த மாதிரிக் குதிரைகளைத்தான் விரும்பினார்கள். நல்ல சாலைகள் வந்து, வண்டிகள் பெருகியதும் நிலைமை மாறியது. வண்டி இழுக்க டிராட் ஓட்டக் குதிரையே போதும். உள்ளே இருப்பவரின் முதுகுக்கு குதிரை பொறுப்பில்லையே! ஐரோப்பாவின் பெரும்பகுதியில் மென்நடைக் குதிரைகள் மெல்ல மறைந்தன. சாலையே இல்லாத அமெரிக்கக் குடியேற்றங்களில் மட்டும் மவுசு குறையவில்லை. ரோட் ஐலண்டில் 'நாரகன்சட் பேசர்' என்ற இனம் உருவாகி, கரீபியன் கரும்புத் தோட்டங்களுக்கு ஏற்றுமதியாகும் அளவுக்குப் புகழ் பெற்றது. 19-ம் நூற்றாண்டில் அந்த இனம் அழிந்தே போனது. ஆனால் அதன் ரத்தம் மற்ற குதிரைகளில் கலந்திருந்தது.

டென்னசியின் நடுப்பகுதியில் இப்படிப் பல ரத்தங்கள் வந்து சேர்ந்தன. நாரகன்சட், கனடா பேசர், மோர்கன், ஸ்டாண்டர்ட்பிரெட், தரோபிரெட் என்று ஒரு கதம்பம். தோட்டம் வைத்திருந்தவர்களுக்கும் அவர்களுடைய மேற்பார்வையாளர்களுக்கும் நாள் முழுக்க வயல் வரிசைகளுக்கு நடுவே குதிரையில் சுற்ற வேண்டிய வேலை. பயிரை மிதிக்காமல், மேலே இருப்பவரைக் குலுக்காமல் போகும் குதிரை அவர்களுக்குத் தேவைப்பட்டது. 1865 வரை அந்த வயல்களில் குனிந்து வேலை செய்தவர்கள் அடிமைகள் என்பதை மறந்துவிடக் கூடாது. அவர்கள் முதுகைப் பற்றி யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. தோட்டக்காரர்கள் மட்டுமல்ல, கிராமத்து டாக்டர்களும் ஊர் ஊராகப் போகும் பாதிரியார்களும் கூட இதே குதிரைகளைத்தான் நம்பியிருந்தார்கள்.

இந்தக் கதம்பத்தை ஓர் இனமாக மாற்றியது 'பிளாக் ஆலன்' என்ற கறுப்புக் குதிரை. 1886-ல் கென்டக்கியில் பிறந்தது. அப்பா ஸ்டாண்டர்ட்பிரெட், அம்மா மோர்கன். டிராட் பந்தயத்தில் பணம் கொட்டும் என்று எதிர்பார்த்தார்கள். ஆனால் அது டிராட் ஓடவில்லை! ஒரே பக்கத்துக் கால்கள் இரண்டையும் ஒன்றாக எடுத்து வைக்கும் 'பேஸ்' ஓட்டம்தான் ஓடியது. டிராட் பந்தயத்துக்கு அது செல்லாக் காசு. கை மாறிக் கை மாறிப் போனது. ஒரு கட்டத்தில், பெண் குதிரை சினைக்குத் தயாராக இருக்கிறதா என்று பார்க்க மட்டும் அதை வைத்திருந்தார்கள். 1903-ல் டென்னசியின் காஃபி கவுண்டியைச் சேர்ந்த ஜேம்ஸ் பிரான்ட்லி அதை வாங்கினார். ஓடத் தெரியாத குதிரையின் நடையை அவர் பார்த்தார் என்றுதான் சொல்ல வேண்டும். 1906-ல் அதற்குப் பிறந்த 'ரோன் ஆலன்' இந்த இனத்தின் இரண்டாவது தூண் ஆனது. கடைசியாக வார்ட்ரேஸ் ஊரைச் சேர்ந்த ஆல்பர்ட் டிமென்ட்டிடம் போய்ச் சேர்ந்த பிளாக் ஆலன், 1910-ல் இறந்தது. பந்தயக்காரர்கள் தள்ளிவிட்ட அந்தக் குதிரைக்குத்தான் பிற்காலத்தில் வம்சாவளிப் பதிவேட்டில் 'எஃப்-1' என்ற எண் கிடைத்தது.

அந்தப் பதிவேடு 1935-ல் லூயிஸ்பர்க்கில் தொடங்கிய வளர்ப்போர் சங்கத்தின் வேலை. 115 குதிரைகளை மூல முன்னோர்களாக அறிவித்தார்கள். 1947-ல் பதிவேட்டை மூடினார்கள். அதாவது அப்பா, அம்மா இருவரும் பதிவானவர்களாக இருந்தால்தான் குட்டிக்கு இடம். 1950-ல் அமெரிக்க விவசாயத் துறையும் இதைத் தனி இனமாக ஏற்றுக்கொண்டது.

சங்கம் தொடங்கிய வருடத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். 1935-ல் டாக்டரிடம் கார் இருந்தது, வயலுக்கு டிராக்டர் வந்துகொண்டிருந்தது. அதாவது குதிரைக்கு வேலை போய்க்கொண்டிருந்த நேரத்தில்தான் அதற்குச் சான்றிதழ் கிடைத்தது! இனி யார் காசு கொடுத்து வாங்குவார்கள்? பதில் 1939-ல் வந்தது. வார்ட்ரேஸைச் சேர்ந்த ஹென்றி டேவிஸின் யோசனையில் 'செலிப்ரேஷன்' என்ற தேசியக் கண்காட்சி தொடங்கி, பிறகு ஷெல்பிவில் நகரில் நிலைபெற்றது. முதல் வருடப் பட்டம் வென்றது 'ஸ்ட்ரோலிங் ஜிம்'. வார்ட்ரேஸில் உள்ள பழைய ஹோட்டலின் பின்புறம் அதன் கல்லறை இருக்கிறது. 1945, 1946 இரண்டு வருடமும் வென்ற 'மிட்நைட் சன்' என்ற ஆண் குதிரையின் வாரிசுகளுக்கு ஏகக் கிராக்கி.

இங்கேதான் சந்தை தலைகீழானது. பண்ணையில் குதிரையை மதிப்பிட்டவர் அதன் மேல் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தவர். கண்காட்சியில் மதிப்பிட்டவர்கள் வேலிக்கு வெளியே உட்கார்ந்திருந்தவர்கள். குலுக்காத நடை சவாரி செய்பவருக்குத்தான் தெரியும், பார்ப்பவருக்குத் தெரியாது. பார்ப்பவருக்குத் தெரிவது உயரத் தூக்கி வைக்கும் முன்னங்கால். கைதட்டல் அதற்கு, பரிசு அதற்கு, விலையும் அதற்கு. 1950களில் இந்த மிகைப்படுத்திய நடை பரவி, 'பிக் லிக்' என்ற பெயரும் பெற்றது.

அப்படிக் கால் தூக்க வைக்கச் சிலர் பிடித்த குறுக்கு வழிதான் 'சோரிங்'. முன்னங்காலில், குளம்புக்கு மேலே கடுகு எண்ணெய், டீசல், மண்ணெண்ணெய் போன்றவற்றைத் தடவித் தோலைப் புண்ணாக்குவார்கள். அதன் மேல் சங்கிலி மாட்டுவார்கள். நடக்கும்போது சங்கிலி புண்ணில் இடிக்கும், குதிரை வலி தாங்காமல் காலை வெடுக்கென்று உயரத் தூக்கும். குளம்புக்கும் லாடத்துக்கும் நடுவே பல அடுக்குகளாகக் கனமான அட்டைகளும் உண்டு. படிக்கவே சங்கடமாக இருக்கிறதல்லவா? சாதுவான குணம் என்பதுதான் இந்தக் குதிரைக்கு எதிரியாகிவிட்டது. இவ்வளவு செய்தும் திருப்பி உதைக்காமல் நிற்கும் குதிரை அது.

பொருளாதாரப் பாடத்தில் கிரெஷாம் விதி என்று ஒன்று வரும். இரண்டு நாணயங்களுக்கும் ஒரே மதிப்பு என்று சட்டம் சொன்னால், கெட்ட நாணயம் நல்ல நாணயத்தை விரட்டிவிடும். கண்காட்சி அரங்கிலும் அதேதான் நடந்தது. பொறுமையாகப் பழக்கிய குதிரையும் புண்ணாக்கிய குதிரையும் ஒரே மைதானத்தில் நின்றன. பரிசு இரண்டாவதுக்குப் போனது. நேர்மையான பயிற்சியாளருக்கு மூன்று வழிதான். தோற்க வேண்டும், விலக வேண்டும், அல்லது தானும் அதையே செய்ய வேண்டும்.

மேரிலாண்ட் செனட்டர் ஜோசப் டைடிங்ஸின் முயற்சியால் 1970-ல் குதிரைப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆனால் எல்லாக் கண்காட்சிகளுக்கும் அனுப்ப அரசிடம் கால்நடை மருத்துவர்களும் இல்லை, பணமும் இல்லை. அதனால் 1976-ல் ஒரு திருத்தம் செய்தார்கள். குதிரைத் தொழில் அமைப்புகளே பரிசோதகர்களை நியமித்துக்கொள்ளலாம்! ஒரு கம்பெனியின் தணிக்கையாளரை அந்தக் கம்பெனியின் காசாளரே தேர்ந்தெடுப்பது மாதிரி. 2010-ல் விவசாயத் துறையின் சொந்தத் தணிக்கைப் பிரிவே இந்த ஏற்பாடு சரியில்லை என்று அறிக்கை கொடுத்தது.

அதற்கு முன்பே 2006-ல் ஒரு கூத்து நடந்தது. செலிப்ரேஷனின் இறுதிப் போட்டிக்கு வந்த குதிரைகளில் பல, அரசுப் பரிசோதனையில் தேறவில்லை. அந்த வருடம் உலகச் சாம்பியன் பட்டம் யாருக்கும் கொடுக்கப்படவில்லை. 2012-ல் விலங்கு நல அமைப்பு ஒன்று ரகசியமாக எடுத்த வீடியோ தொலைக்காட்சியில் வெளியானது. அதில் சிக்கிய பிரபல பயிற்சியாளர் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். கிடைத்தது 75,000 டாலர் அபராதமும் மூன்று வருட நன்னடத்தைக் கண்காணிப்பும். சிறை இல்லை. பெப்சி நிறுவனம் கண்காட்சிக்குக் கொடுத்துவந்த விளம்பர ஆதரவை விலக்கிக்கொண்டது. பயிற்சியாளர்களுக்கு எது அதிகம் வலித்திருக்கும் என்று யூகிப்பது கடினமில்லை.

சங்கிலியையும் அடுக்கு லாடத்தையும் தடை செய்யும் மசோதா 2019-லும் 2022-லும் பிரதிநிதிகள் சபையில் பெரும்பான்மையோடு நிறைவேறியது. இரண்டு முறையும் செனட்டில் நின்றுபோனது. 2024-ல் விவசாயத் துறை அதையே விதியாக அறிவித்தது. அது முழுமையாக அமலுக்கு வருவதற்கு முன்பே, 2025 ஜனவரி 31 அன்று டெக்சாஸ் நீதிமன்றம் அதன் முக்கியப் பகுதிகளை ரத்து செய்தது.

எல்லா வளர்ப்பாளர்களையும் ஒரே தராசில் வைப்பது நியாயமாகாது. இந்த இனக் குதிரைகளில் பெரும்பாலானவை கண்காட்சி மைதானத்தைப் பார்த்ததே இல்லை. சாதாரண லாடத்தோடு, சில லாடமே இல்லாமல், மலைப்பாதைகளில் சவாரி போகின்றன. சாதாரண லாடக் குதிரைகளுக்கென்றே தனிப் போட்டிகளும் நடக்கின்றன. முதுகுவலிக்காரர்களும் வயது ஐம்பது, அறுபதைத் தாண்டிய பிறகு சவாரி பழகுபவர்களும் இந்தக் குதிரையைத் தேடி வாங்குகிறார்கள். அவர்கள் வேலிக்கு வெளியே நின்று பார்ப்பதில்லை. ஏறி உட்கார்ந்து, ஒரு மைல் போய்விட்டு வந்துதான் விலை பேசுகிறார்கள்.