நிலத்தின் வெப்பக் கணக்கு யார் கையில்?



யானில் நிற்கும் உங்களுக்கு ஒரு பக்கம் குனோங் ஜெராய், இன்னொரு பக்கம் வயல்வெளி. மலைப்பாறை வெப்பத்தை நன்றாகக் கடத்துமா, வயலின் ஈரக் களிமண் நன்றாகக் கடத்துமா? பாறைதான் என்று ஊகிக்கலாம். ஆனால் எவ்வளவு என்று சொல்ல அளவு வேண்டும். அந்த அளவைக் கண்டுபிடிக்கும் முறைக்கு நீண்ட வரலாறு உண்டு. அதில் நம் பக்கத்து மண்ணுக்கும் ஓர் இடம் இருக்கிறது.

"நம்ம ஊரே கொளுத்துது, இதுல நிலத்துச் சூட்டை வேற அளக்கணுமா?"ன்னு கேட்கலாம். அளக்கத்தான் வேணும். கட்டடத்தின் வெப்பத்தைக் குழாய் வழியாக நிலத்துக்குள் இறக்கிக் குளிரூட்டும் முறை ஒன்று உண்டு. நிலம் அந்த வெப்பத்தைக் கடத்தாவிட்டால் துளையைச் சுற்றியே சூடு தேங்கிவிடும். போட்ட பணமும் வீண்.

வரலாறு இப்படிப் போகிறது. 1822இல் பிரான்சின் ஃபூரியே வெப்பக் கடத்தலுக்குக் கணிதம் எழுதினார். 1837இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் ஃபோர்ப்ஸ் பல ஆழங்களில் வெப்பமானிகளைப் புதைத்தார். அதே 1837இல் சுவாதித் திருநாள் மகாராஜா திருவனந்தபுரத்தில் வானாய்வகம் நிறுவினார். அதன் இயக்குநர் ஜான் கால்டிகாட் அங்கேயும் வெப்பமானிகளைப் புதைத்து, 1842 மே முதல் 1845 டிசம்பர் வரை நிலத்தின் வெப்பநிலையைக் குறித்துவைத்தார். அந்தக் குறிப்புகள் எடின்பரோவில் அச்சாகின.

1860இல் வில்லியம் தாம்சன், அதாவது பின்னாளைய கெல்வின் பிரபு, ஃபோர்ப்ஸின் எடின்பரோ அளவுகளை எடுத்து, அந்த ஊர் மண்ணும் பாறையும் வெப்பத்தைக் கடத்தும் திறனைக் கணக்கிட்டார். வெப்பமானியைப் புதைத்தவர் ஒருவர், கணக்குப் போட்டவர் வேறொருவர். அளவுகள் அச்சில் எல்லாருக்கும் கிடைத்ததால்தான் இது முடிந்தது. இந்த இடத்தை மாணவர்களுக்கு அழுத்திச் சொல்லுங்கள்.

கெல்வின் காலத்தில் வெயிலும் குளிரும்தான் சோதனைக் கருவி. ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். 1983இல் ஸ்டாக்ஹோம் மாநாட்டில் மோகன்சன் என்பவர் வேறு வழி சொன்னார்: நாமே வெப்பத்தைக் கொடுத்து நிலம் எப்படி ஈடு கொடுக்கிறது என்று பார்க்கலாம். 1990களின் நடுவில் சுவீடனின் லூலியோவிலும் அமெரிக்காவின் ஓக்லஹோமாவிலும் இழுத்துச் செல்லக்கூடிய சோதனை வண்டிகள் உருவாயின. இதுவே நில வெப்ப எதிர்வினைச் சோதனை.

முறை எளிது. ஆழ்துளையில் யூ வடிவக் குழாயை இறக்கி, மாறாத அளவில் சூடேற்றிய தண்ணீரை ஏறக்குறைய இரண்டு நாள் சுற்றவிடுவார்கள். உள்ளே போகும் நீர், வெளியே வரும் நீர் இரண்டின் சராசரி வெப்பநிலையை நேரத்தின் இயல் மடக்கைக்கு எதிராக வரைந்தால், முதல் சில மணி நேரத்துக்குப் பின் நேர்கோடு கிடைக்கும். கோடு செங்குத்தாக ஏறினால் நிலம் வெப்பத்தை மெதுவாகக் கடத்துகிறது என்று பொருள்.

பயிற்சிக்கு ஒரு கணக்கு: வெப்பம் 6000 வாட், ஆழம் 100 மீட்டர், கோட்டின் சரிவு 2. கடத்துதிறன் = 6000 ÷ (4 × 3.142 × 100 × 2). விடை ஏறத்தாழ 2.39 வாட் / மீட்டர் கெல்வின்.

இவ்வளவுதானா என்றால், களத்தில் மின்சாரம் ஏறி இறங்கும், நிலத்தடி நீர் ஓடும். அப்போது மென்பொருள் தேவை. இங்கேதான் வரலாற்று ஆசிரியருக்கு வேலை. நம் தோட்டங்களில் பாலை நிறுத்து, மெட்ரோலாக்கை மிதக்கவிட்டு, காய்ந்த ரப்பர் எவ்வளவு என்று கிராணி எழுதுவார். அந்த எண்தான் கூலி. அது எப்படி வந்ததுன்னு சரிபார்க்க, பால் வெட்டியவர் கையில் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. உள்ளே என்ன நடக்கிறது என்று காட்டாத மென்பொருளும் அப்படித்தான்: விடையை மட்டும் நீட்டும், வழியைக் காட்டாது.

திறந்த மூல மென்பொருள் வழியையும் காட்டுகிறது. 1991இல் வெளிவந்த பைத்தான் மொழி இலவசம். அதில் இயங்கும் சைப்பை நூலகத்தில் இந்தச் சோதனைக்கு வேண்டிய கணிதச் சார்புகள் உள்ளன. மொன்றியல் பாலிடெக்னிக்கின் மாசிமோ சிம்மினோ உருவாக்கிய பைஜிஃபங்க்ஷன், நிலத்துளைகள் காலப்போக்கில் எப்படிச் சூடேறும் என்று கணிக்கும். ஒவ்வொரு வரியையும் யாரும் படிக்கலாம், திருத்தலாம், தப்பு இருந்தால் சுட்டிக்காட்டலாம்.

ஆனால் ஒன்று: வழி திறந்திருந்தால் மட்டும் போதாது, அளவுகளும் வெளியே வரவேண்டும். சோதனை செய்தவர் எண்களைப் பூட்டி வைத்துக்கொண்டால் எந்த மென்பொருளாலும் அவரைச் சரிபார்க்க முடியாது. நாளை யாராவது உங்கள் பள்ளிக்கு இப்படியொரு குளிரூட்டும் திட்டத்தோடு வந்தால் முதலில் கேட்க வேண்டியது, "சோதனை அளவுகளைக் கொடுங்க, நாங்களும் கணக்குப் போட்டுப் பார்க்கிறோம்" என்பதே.

வகுப்பில் கலந்துரையாட:
1. ஃபோர்ப்ஸ் தம் அளவுகளை வெளியிடாமல் இருந்திருந்தால் கெல்வினின் ஆய்வு என்னவாகியிருக்கும்?
2. மேலே உள்ள கணக்கில் சரிவு 4 என்றால் கடத்துதிறன் எவ்வளவு? அந்த நிலம் முன்னதைவிட நல்லதா?
3. உங்கள் வட்டாரத்தில், அடுத்தவர் போட்ட கணக்கை மக்கள் அப்படியே நம்ப வேண்டியிருந்த இன்னொரு சூழலைக் குறிப்பிடுக.