குமாரை விட அனிதா இளையவள்

போன வாரம் போன்ல அக்கா ஒரே புலம்பல். நாலாங்கிளாஸ் படிக்கிற பையன் ரீசனிங் பரீட்சையில வயசுக் கணக்கையெல்லாம் கோட்டை விட்டுட்டானாம். "இவனுக்கு லாஜிக்கே வராது"ன்னு டீச்சர் முடிச்சுட்டாங்களாம். கேள்வித்தாளை போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன்.

செல்வியை விட குமார் மூத்தவன். குமாரை விட அனிதா இளையவள். மாலாவை விட செல்வி மூத்தவள். நால்வரில் இளையவர் யார்?

பய எழுதின விடை: குமார். ஓரத்துல பென்சிலால செல்வி > குமார், குமார் < அனிதா, மாலா > செல்வி. மூணுமே தலைகீழ். ஒண்ணு ரெண்டு தப்புன்னா கவனக்குறைவுங்கலாம். மூணும் ஒரே மாதிரி தப்புன்னா அதுக்கு ஒரு காரணம் இருக்கணுமே!

இந்த > < குறிகள் முதல்முதலா அச்சில் வந்தது 1631-ல், தாமஸ் ஹாரியட் என்ற ஆங்கிலேயரின் இயற்கணிதப் புத்தகத்தில். மனுஷன் செத்துப் பத்து வருஷம் கழிச்சு! சமக்குறியை ராபர்ட் ரெக்கார்ட் 1557-லேயே போட்டாச்சு. பெருசு சிறுசுக்குக் குறி வர இன்னும் 74 வருஷம் ஆகியிருக்கு. அதே 1631-ல் வில்லியம் ஆட்ரெட் வேற குறிகளைப் போட்டார், அதுவும் ரொம்ப நாள் புழங்குச்சு. கடைசியில ஜெயிச்சது ஹாரியட் குறிதான்.

வாக்கியத்தைக் கொடுத்து ஒப்பிடச் சொல்லும் கேள்வியைப் பிள்ளைகளை அளக்கும் கருவியா ஆக்கினதுல முக்கியமான ஆள், நான் படிக்க வந்திருக்கிற இதே இங்கிலாந்துக்காரர் சிரில் பர்ட். 1913-லிருந்து லண்டன் கவுண்டி கவுன்சிலின் உளவியலாளர். எந்தப் பிள்ளை "மந்தம்", எதைத் தனிப்பள்ளிக்கு அனுப்பணும்னு பார்க்கிறதும் அவர் வேலை. (இரட்டையர் ஆய்வில் தரவுகளை இட்டுக்கட்டினார்னு 1970-களில் இவர் மேலேயே புகார் கிளம்பினது தனிக்கதை.)

அவர் கேள்விகளைப் பாரிஸ் பிள்ளைகளுக்கு ஏத்த மாதிரி தரப்படுத்தும் வேலை 1920 வாக்கில் ழான் பியாஜே என்ற இளைஞரிடம் வந்தது. சரியான விடைகளை எண்ணி முடிச்சிருந்தா கதை அங்கேயே முடிஞ்சிருக்கும். அவர் தப்பு விடைகளை நோண்ட ஆரம்பிச்சார். சூசனை விட ஈடித்துக்கு வெளிர்முடி, லில்லியை விட ஈடித்துக்குக் கருமுடி, யாருக்கு ரொம்பக் கருமுடி? பிள்ளைகள் லில்லின்னாங்க. ஈடித்தும் சூசனும் வெளுப்பு, ஈடித்தும் லில்லியும் கறுப்பு, அப்ப லில்லிதானே ரொம்பக் கறுப்பு! 'விட' காணாமப் போய், ஒப்பீடு வெறும் வர்ணனையா ஆயிடுச்சு. அந்த வயசுல உறவுகளைக் கோக்க வராதுங்கிறது பியாஜேவின் முடிவு.

1971-ல் பீட்டர் பிரையன்ட், டாம் டிரபாசோ ரெண்டு பேரும் அதையும் அசைச்சாங்க. அஞ்சு கலர் குச்சிகளை ஜோடி ஜோடியாக் காட்டி, எது நீளம்னு நல்லா மனசுல பதிய வெச்ச பிறகு கேட்டா, நாலு வயசுப் பிள்ளைகளே பெரும்பாலும் சரியாச் சொன்னாங்க. இடறினது நினைவுல வெச்சுக்கிறதுலதான்னு அவங்க வாதம். அதனாலதான் குறி போட்டு எழுதிக்கிறது. தாள் நினைவுல வெச்சுக்கும், நாம கோத்தாப் போதும்.

ஆனா நம்மாளு எழுதியுமே தப்பு பண்ணினானே? "குமார் செல்வியை விட மூத்தவன்"னு இருந்தா பேர் வரும் வரிசையிலேயே குமார் > செல்வி. இங்கிலீஷ்லயும் அந்த வரிசைதான். தமிழ்ல இயல்பாச் சொன்னா "செல்வியை விட" முதல்ல வந்துடும். பேரை அதே வரிசையில எழுதி, மூத்தன்னா >, இளையன்னா <ன்னு போட்டா எல்லாமே கவுந்துடும். பய பண்ணினது அதேதான். அதுக்கப்புறம் அவன் கோத்ததில் ஒரு பிசகும் இல்லை, அவன் எழுதின மூணு வரிப்படி குமார்தான் கடைக்குட்டி!

ராத்திரி வீடியோ கால்ல, 'விட' ஒட்டின பேரை வலப்பக்கம் எழுதுடான்னு மட்டும் சொன்னேன். குமார் > செல்வி. அனிதா < குமார். செல்வி > மாலா. மூணையும் கோத்து குமார் > செல்வி > மாலான்னு எழுதினான். அனிதாவைக் குமாருக்குக் கீழே தனியா வெச்சுட்டுக் கொஞ்ச நேரம் முழிச்சான்.

"மாமா, மாலாவா அனிதாவான்னு சொல்லவே முடியாதே?"

விடைகள்ல 'சொல்ல முடியாது'ன்னு நாலாவதா ஒண்ணு இருக்கு பாருன்னேன். "அது படிக்காதவங்களுக்குன்னு நினைச்சேன்"ங்கிறான் :-)