தண்டு மேலே போனால் சொப்ரானோ

கோயில் திருவிழாவில் இரண்டு நாதஸ்வரம் சேர்ந்து வாசித்தாலும் ராகம் ஒரே வழியில்தான் போகும். இந்தச் சுரம் யாருடையது என்று அங்கே ஒருவரும் கேட்பதில்லை. யாழ்ப்பாணத்துப் புத்தூரில் இருந்தபடி பழைய ஞானப்பாட்டுப் புத்தகங்களைக் கணினியில் ஏற்றிவரும் எனக்கோ நாள் முழுக்க அந்தக் கேள்விதான்.

1814இல் வெஸ்லியன் மிஷனரிமாரும் 1816இல் அமெரிக்க மிஷனரிமாரும் யாழ்ப்பாணம் வந்தார்கள். சொப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பாஸ் என நான்கு குரலில் பாடும் வழக்கம் எங்கள் தேவாலயங்களில் ஊன்றியது அவர்கள் வழியாகத்தான். தமிழ்க் கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியாரின் கீர்த்தனைகளுக்கு இசைக்குறிப்பு தேவைப்படவில்லை. மெட்டு காதுவழியே வந்தது. நான்கு குரல் ஒன்றோடொன்று இசைய வேண்டுமென்றால் எழுதித்தான் ஆக வேண்டும்.

எழுதிய விதத்திலேயே சிக்கலும் பிறந்தது. 1501இல் வெனிஸில் ஒட்டாவியானோ பெட்ரூச்சி அச்சிட்ட பல்குரல் இசைநூலில் ஒவ்வொரு குரலுக்கும் பக்கத்தில் தனி இடம் உண்டு. பின்னாளில் ஓகன் வாசிப்பவர் ஒரே பார்வையில் பார்க்கவும், தாளை மிச்சம் பிடிக்கவும் நான்கு குரலையும் இரண்டு ஐங்கோட்டு வரிகளுக்குள் அடக்கினார்கள். மேல் வரியில் சுரத்தின் தண்டு மேல்நோக்கினால் சொப்ரானோ, கீழ்நோக்கினால் ஆல்ட்டோ. கீழ் வரியில் அதேபோல் டெனரும் பாஸும். ஜோன் கர்வென் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பரப்பிய டொனிக் சொல்ஃபா முறையில் இந்தக் குழப்பம் இல்லை. நம் சரிகமவைப் போல எழுத்துகளால் ஆனது, குரலுக்கு ஒரு வரி. இந்த ஒரு விஷயத்தில் ஐங்கோட்டை விட அதுவே தெளிவானது என்பேன்.

அச்சிட்ட இசையை இயந்திரம் படிக்கும் முயற்சி 1966இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் டெனிஸ் புருஸ்லின் எழுதிய ஆய்வேட்டோடு தொடங்கியது. 1980களில் ஜப்பானின் வசேடா பல்கலைக்கழக ரோபோ வாபொட்-2 கமராவால் இசைத்தாளைப் பார்த்து ஓகன் வாசித்தது. நான் பயன்படுத்துவது ஆடிவெரிஸ் என்ற இலவச மென்பொருள். ஒரு தண்டில் எத்தனை சுரம் இருந்தாலும், ஒன்றே ஒன்று இருந்தாலும், அதை அது கோர்ட் என்றே எடுத்துக்கொள்ளும். தாளக்கட்டம் ஒவ்வொன்றிலும் எந்தக் கோர்ட் எந்த நேரத்தில் ஒலிக்கிறது என்று வரிசைப்படுத்தி, அவற்றைக் கோத்துக் குரல்களாக்கும். குரலுக்கு ஒரு நிறம் காட்டும்.

தவறுவது எங்கே என்றால், சில பதிப்புகளில் சொப்ரானோவும் ஆல்ட்டோவும் ஒரே தண்டில் சேர்ந்திருக்கும். இயந்திரம் இரண்டையும் ஒரே குரலாக்கிவிடும். மங்கிய தாளில் ஓய்வுக்குறி ஒன்று விடுபட்டால் பின்வருவது எல்லாம் இடம் மாறும். எல்லாவற்றிலும் கடினமானது பாட்டின் முடிவில் வரும் ஆமென். அங்கே நிற்பவை செமிபிரீவ்கள், அவற்றுக்குத் தண்டே கிடையாது. அங்கெல்லாம் கோர்ட்டைத் தெரிவுசெய்து, இதற்கு அடுத்தது இது, இவை இரண்டும் வேறு குரல் என்று நான்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஆல்ட்டோ பாடிப் பழகியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் வேலை சட்டென்று முடியும். அவருடைய தொண்டைக்கு அந்த வழி தெரியும்.

சென்னையில் ஏ. எம். சின்னசாமி முதலியார் 1890களில் கர்நாடகக் கீர்த்தனைகளை ஐரோப்பியக் குறியீட்டில் அச்சிட்டார். ஒரே குரல் என்பதால் அவருக்கு இந்தப் பிரச்சினை இல்லை; கமகத்தை எழுதுவதுதான் கடினம். 1904இல் எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதர் அதற்கென்றே தனிக்குறிகளோடு தம் நூலை வெளியிட்டார்.

போர்க்கால இடப்பெயர்வுகளில் எத்தனையோ பாட்டுக் கொப்பிகள் தொலைந்துபோயின. உங்கள் வீட்டு அலுமாரியில் கையால் எழுதிய ஆல்ட்டோ, டெனர் கொப்பி ஏதும் இருந்தால் 300 டிபிஐயில் ஸ்கான் செய்து வையுங்கள். எந்த வரி எந்தக் குரலுக்கு என்பதை, அதைப் பாடியவர்களிடம் இப்போதே கேட்டு ஓரத்தில் எழுதிவிடுங்கள்.