பஹாரி மாதமும் புங்கந்தளிரும்

வசந்தம் என்பது குளிர்நாட்டார்க்கு உரிய பருவம், பனி உருகாத தேசத்தில் வசந்தம் ஏது என்று சொல்வோர் உண்டு. பாரசீகக் கவிதைகளில் பஹாரைப் படித்துப் பழகியவர்களும், ஆங்கிலப் பாடநூல்களில் பருவங்கள் நான்கு என்று மனனம் செய்தவர்களும் இதனையே கூறுவர். இக்கூற்றில் பாதி உண்மை இருக்கிறது. சூலூர் ஏறத்தாழ 11 பாகை வட அகலாங்கில் உள்ளது. இங்கே ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு சுமார் ஒன்றேகால் மணி நேரமே. உறைபனியும் இல்லை, அது உருகும் காட்சியும் இல்லை. ஆயினும் மாசி இறுதியில் சூலூர்ப் பெரியகுளத்தின் கரைமீது நடந்து செல்பவர் எவரும், ஏதோ ஒன்று மாறிவிட்டது என்பதைக் கேட்காமலே அறிவர். அந்த மாற்றத்திற்கு மனிதர் இட்ட பெயர்களையும், அப்பெயர்களுக்கும் மரங்களுக்கும் இடையே நிகழ்ந்து வந்த இழுபறியையும் இக்கட்டுரையில் காண்போம்.

முதலில் நமக்கு நெருக்கமான பெயரிலிருந்து தொடங்குவோம். ஹிஜ்ரி ஆண்டின் மூன்றாம், நான்காம் மாதங்கள் ரபீஉல் அவ்வல், ரபீஉல் ஆகிர் எனப்படுகின்றன. 'ரபீஉ' என்னும் அரபுச் சொல்லுக்கு வசந்தம் என்பது பொருள். இப்பெயர்கள் இடப்பட்ட காலத்தில் இம்மாதங்கள் பசுமை தோன்றும் பருவத்தில் அமைந்திருந்தன என்பது அறிஞர் பலரின் கருத்து. ரமளான் என்னும் பெயரில் வெப்பத்தைக் குறிக்கும் வேர்ச்சொல் இருப்பதும் இவ்வாறே. திருக்குர்ஆனின் ஒன்பதாம் அத்தியாயம் 37-ஆம் வசனம் மாதங்களைத் தள்ளிப்போடும் பழைய வழக்கத்தை விலக்கியபின், இஸ்லாமிய ஆண்டு தூய சந்திர ஆண்டாக நிலைபெற்றது. சூரிய ஆண்டைவிட அது ஏறத்தாழ 11 நாள்கள் குறைவு. ஆகவே ரபீஉல் அவ்வல் எல்லாப் பருவங்களையும் சுற்றி வருகிறது. 2007, 2008 ஆகிய ஆண்டுகளில் அது மார்ச் மாதத்தில் தொடங்கியது. அப்போது பெயரும் பருவமும் ஒத்திருந்தன. 2025-இல் அது ஆகஸ்டு இறுதியில் வந்தது. மீண்டும் மார்ச்சுக்கு வரப் பெயர் ஏறக்குறைய 33 ஆண்டுகள் பயணம் செய்தாக வேண்டும். நோன்பும் ஹஜ்ஜும் எந்த நாட்டவர்க்கும் நிரந்தரமாகக் கோடையிலோ குளிரிலோ நின்றுவிடாதபடி காக்கும் அமைப்பு இது. வணக்கத்திற்குப் பொருந்திய இவ்வமைப்பு, வரிவசூலுக்கு ஒத்துவரவில்லை என்பதே வரலாறு.

நிலவரி விளைச்சலிலிருந்து வரவேண்டும். விளைச்சலோ சந்திரனைப் பார்ப்பதில்லை. அல்பிரூனி கி.பி. 1000 அளவில் எழுதிய, பழஞ்சமூகங்களின் காலக்கணக்குகளைப் பற்றிய நூலில் ஒரு செய்தியைத் தருகிறார். அப்பாசியக் கலீபா முதவக்கில் (ஆட்சி 847–861) வேட்டைக்குச் சென்றபோது, வயலில் பயிர் இன்னும் முற்றாமல் பச்சையாக நிற்பதைக் கண்டாராம். வரிகேட்கும் நாளாகிய நவ்ரோஸ் நெருங்கிவிட்டது, கதிரோ பழுக்கவில்லை. உழவன் கடன் வாங்கியும் ஊரைவிட்டு ஓடியும் அவதியுறுகிறான் என்பதை விசாரித்து அறிந்தாராம். பாரசீகர் முன்பு இடைநாள் சேர்த்து ஆண்டைச் சரிசெய்து வந்ததும், அவ்வழக்கம் நின்றுபோனதால் நவ்ரோஸ் பின்னோக்கி நகர்ந்துவிட்டதும் காரணம். முதவக்கில் தொடங்கிய திருத்தத்தை 895-இல் கலீபா முஃதளித் நிறைவேற்றி, வரி ஆண்டின் தொடக்கத்தை ஜூன் 11-க்கு மாற்றினார். கலீபாவின் அரசாணையைத் திருத்தியது ஒரு பச்சைக் கதிர் என்று சொன்னால் அது மிகையாகாது.

பின்னர் செல்ஜூக் சுல்தான் மலிக் ஷா காலத்தில், உமர் கய்யாம் உள்ளிட்ட வானியலாளர் குழு 1079-இல் ஜலாலி நாட்காட்டியை அமைத்து, புத்தாண்டைப் பகலும் இரவும் சமமாகும் வசந்த நாளில் நிறுத்தியது. அக்பர் 1584-இல் இலாஹி ஆண்டைப் புகுத்தியதும், பஸலி என்னும் விளைச்சல் ஆண்டு முகலாய வருவாய்த் துறையில் வேரூன்றியதும் இதே தேவையினால்தான். 'பஸ்ல்' என்றால் பருவம், விளைச்சல். தக்காணத்தில் ஷாஜஹான் 1636-இல், அன்றைய ஹிஜ்ரி 1046-ஐ அப்படியே எடுத்துக்கொண்டு, அதிலிருந்து சூரிய ஆண்டாக எண்ணச் செய்தார். இன்றும் ஆங்கில ஆண்டிலிருந்து 590-ஐக் கழித்தால் தமிழ்நாட்டின் பசலி கிடைக்கிறது. 2025 ஜூலை முதல் நாளில் தொடங்கியது பசலி 1435. சென்னை மாகாணத்தில் முதலில் ஆடி முதல்நாளோடு தொடங்கிய இவ்வாண்டு, 1855-இல் ஜூலை 1-க்கு வந்து நின்றது. ஆடிப் பட்டம் தேடி விதைக்கும் நாட்டில் ஆண்டுத் தொடக்கத்தை ஆடியில் வைத்தவர், மண்ணைப் பார்த்தே வைத்திருக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலர் எழுதும் அடங்கலிலும், மே, ஜூன் மாதங்களில் வட்ட அலுவலகங்களில் நடைபெறும் ஜமாபந்தியிலும் இந்தப் பசலிதான் வாழ்கிறது. ஹிஜ்ரியின் ஓர் உறவுமுறை தங்கள் பட்டாக் கணக்கில் இருப்பதை அறியாமலே கொங்கு உழவர் தலைமுறை தலைமுறையாகக் கிஸ்தி கட்டி வந்துள்ளனர்.

கொங்கு நாட்டுக்கு வசந்தத்தின் பெயரையே சூடிய ஒரு மாதம் வந்தது திப்பு சுல்தான் காலத்தில். கோவைச் சீமை அப்போது மைசூர் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. நடுவே 1790–92 போரில் கைமாறி மீண்டாலும், 1799 மே 4-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழும்வரை அந்நிலை நீடித்தது. திப்பு புகுத்திய நாட்காட்டி வியப்புக்குரியது. மாதங்கள் சந்திரனைப் பின்பற்றின. ஆனால் இந்நாட்டுப் பஞ்சாங்க முறைப்படி அதிக மாதம் சேர்க்கப்பட்டதால் ஆண்டு பருவத்தை விட்டு விலகவில்லை. ஆண்டின் முதல் மாதம் உகாதியோடு தொடங்கும் சைத்திரம். அதன் பெயர் அஹ்மதி. இரண்டாம் மாதமாகிய வைசாகத்தின் பெயர் பஹாரி, அதாவது வசந்தத்திற்குரியது.

இப்பெயர்களில் ஒரு நுட்பம் உண்டு. அப்ஜத் என்னும் அரபு எழுத்தெண் முறையில் அலிப் ஒன்று, பா இரண்டு, ஜீம் மூன்று, தால் நான்கு. அஹ்மதி, பஹாரி, ஜஃபரி, தாராயீ என மாதப்பெயரின் முதலெழுத்தே மாதத்தின் எண்ணைக் காட்டிவிடும். 1787 அளவில் ஆண்டுக் கணக்கு மவ்லூதி என்னும் பெயரில் மாற்றப்பட்டு, 1201-க்கு அடுத்து 1215 என்று நாணயங்களில் பொறிக்கப்பட்டது. மாதப்பெயர்களும் அலிப், பா, தா என்னும் நெடுங்கணக்கு வரிசைக்கு மாற்றப்பட்டன. அம்மாற்றத்திலும் பஹாரி இரண்டாமிடத்திலேயே நிலைத்தது. இரண்டு வரிசையிலும் பா இரண்டாவது எழுத்தல்லவா! திப்புவின் கடிதங்களை மொழிபெயர்த்து 1811-இல் இலண்டனில் வெளியிட்ட வில்லியம் கிர்க்பாட்ரிக், இந்நாட்காட்டியை விளக்க நேர்ந்தபோது பரிவோடு எழுதியவர் அல்லர். எனினும் அவருடைய பதிவு நமக்குப் பெரிதும் உதவுகிறது. எழுத்தெண் வசதிக்காகவே பஹாரி தேர்ந்தெடுக்கப்பட்டது என்று ஒருவர் வாதிடலாம். 'பா'வில் தொடங்கும் சொற்கள் ஆயிரம் இருக்க, வசந்த ருதுவின் மாதத்திற்கு வசந்தத்தையே வைத்தது தற்செயல் என்று நாம் கருதவில்லை.

ஆனால் சூலூரின் மரங்கள் பஹாரிவரை காத்திருந்தனவா? இங்கேதான் நாட்காட்டி தோற்கிறது. தமிழ் மரபும் சித்திரை, வைகாசி இரண்டையும் இளவேனில் என்றே வகுத்தது. நம் ஆண்டுக் கணக்கு விண்மீன்களை அடிப்படையாகக் கொண்டது. பருவங்களைத் தீர்மானிக்கும் சூரிய ஆண்டைவிட அது சுமார் 20 நிமிடங்கள் நீண்டது. ஏறத்தாழ 72 ஆண்டுகளுக்கு ஒரு நாள் என்னும் கணக்கில் இவ்வேறுபாடு சேர்ந்துகொண்டே வந்து, மார்ச் 20 அல்லது 21-இல் நிகழும் பகலிரவுச் சமநாளுக்கும் சித்திரை முதல் நாளுக்கும் இன்று மூன்று வாரங்களுக்கு மேல் இடைவெளி விழுந்துவிட்டது. சித்திரை பிறந்து சில நாள்களில், ஏப்ரல் மூன்றாம் வாரத்தில், சூரியன் சூலூருக்கு நேர் உச்சியில் நிற்கிறது. அப்போது இளவேனில் என்று சொன்னால் வெயிலில் நடப்பவர் சிரிப்பார்.

உண்மையான அறிகுறிகள் மாசியிலும் பங்குனியிலும் தோன்றுகின்றன. முதலில் முள்ளிலவு. ஓர் இலையும் இல்லாத கிளைகளில் கனத்த செந்நிறப் பூக்கள் மலர, மைனாவும் காகமும் கரிச்சானும் காலையிலேயே அங்குக் கூடிவிடும். மலையடிவாரப் பக்கம் பலாசும் இவ்வாறே தீப்போல் பூக்கும். நமக்கு மிக விருப்பமான அறிகுறி இவற்றின் ஆரவாரம் அன்று, புங்கந்தளிர்தான். வாரக்கணக்கில் சருகுதிர்த்து நின்ற புங்கமரம், மழை ஒரு துளியும் விழாத நாள்களில், மண் வெடித்துக் கிடக்கையில், திடீரெனப் பளபளக்கும் இளம்பச்சையைப் போர்த்திக்கொள்கிறது. அடுத்து வெள்ளையும் இளஞ்சிவப்புமான சிறு பூக்கள் உதிர்ந்து நிழலெங்கும் பொரி பரப்பியதுபோல் கிடக்கும். வேம்பும் அரசும் இதே காலத்தில்தான் தளிர்க்கின்றன. நீண்டுவரும் பகலை மரம் உணர்கிறது, ஆழ வேரோடி நிலத்தடி ஈரத்தை எடுக்கிறது என்று தாவரவியலார் விளக்குவர். வெப்ப நாட்டு மரங்கள் பலவும் மழைக்கு முன்பே இலையை ஆயத்தம் செய்துகொள்கின்றன. இதற்கு மாறாகக் கொறங்காட்டு வேலியில் நிற்கும் கிளுவை, கோடைமழை விழுந்து மண் நனையும்வரை குச்சியாகவே நின்றிருக்கும். ஒரே காட்டின் எல்லைக்குள் துணிந்து முந்தும் மரமும் உண்டு, பொறுத்திருக்கும் செடியும் உண்டு.

பங்குனியில் குயில் வாய்திறக்கிறது. அது எங்கிருந்தோ வந்துவிடவில்லை. குளிர்காலம் முழுவதும் இங்கேதான் ஓசையற்று இருந்தது. காகம் கூடு கட்டும் காலம் நெருங்குவதால் ஆண்குயில் கூவத் தொடங்குகிறது. பாரசீகக் கவிஞரின் புல்புல் உண்மையில் இராப்பாடி. அது நம் நாட்டில் இல்லை. அப்பெயர் இங்கு வந்து கொண்டைக்குருவிக்கு ஒட்டிக்கொண்டது. ரோஜாவும் புல்புலும் இல்லாததால் தங்களுக்கு வசந்தம் இல்லை என்று எண்ணிய அன்பர்கள், வேப்பம்பூ மணத்தையும் குயிலையும் கணக்கில் கொள்ளாமல் போனதே நமக்குக் குறையாகப் படுகிறது.

இன்னோர் அறிகுறி வருகை அன்று, புறப்பாடு. வெள்ளியங்கிரி மலையில் பிறக்கும் நொய்யலின் நீரால் நிறையும் குளங்களுள் சூலூர்க் குளங்களும் அடங்கும். பனிக்காலத்தில் அங்கே நீலச்சிறகி, ஊசிவால் வாத்து போன்றவை வடக்கிலிருந்து வந்து தங்குகின்றன. சோளக்காடுகளில் திரளும் சோளப்பட்சி மத்திய ஆசியாவின் புல்வெளிகளில் கூடு கட்டுவது. பங்குனி, சித்திரையில் இக்கூட்டங்கள் குறைந்து, ஒருநாள் இல்லாமலே போகின்றன. நம் மரம் தளிர்க்கையில் அவை நவ்ரோஸ் கொண்டாடும் நாடுகளின் பக்கம் பறந்துகொண்டிருக்கும். இலவும் பலாசும் பறவைகளால் மகரந்தச் சேர்க்கை பெறுவதைப் பறவையியல் அறிஞர் சாலிம் அலி (1896–1987) 1932-இலேயே விரிவாக எழுதினார். 1990-இல் நிறுவப்பட்ட, அவர் பெயர் தாங்கிய ஆய்வு மையம் கோவையை அடுத்த ஆனைகட்டியில் அமைந்திருப்பது நம் வட்டாரத்திற்குக் கிடைத்த பேறு.

இவ்வளவும் இருந்தும் நம்மிடம் ஒன்று இல்லை: பதிவு. ஜப்பானின் கியோட்டோ நகரில் செர்ரி மரங்கள் முழுமையாக மலர்ந்த நாள்கள், அரண்மனை நாட்குறிப்புகளின் வழியே ஒன்பதாம் நூற்றாண்டு முதல் திரட்டப்பட்டுள்ளன. அதனால்தான் 2021 மார்ச் 26-இல் அவை மலர்ந்தபோது, ஆயிரத்திருநூறு ஆண்டுகளில் இதுவே மிக முந்திய நாள் என்று சொல்ல முடிந்தது. கேரளத்தில் விஷுவுக்கு உரிய கொன்றை பிப்ரவரி, மார்ச்சிலேயே பூத்துத் தீர்ந்துவிடுகிறது என்று மக்கள் பேசிக்கொள்கின்றனர். கொங்கு நாட்டில் புங்கம் முந்துகிறதா, பிந்துகிறதா? அடங்கலில் எந்தப் புல எண்ணில் என்ன பயிர் நின்றது என்பது பசலிதோறும் எழுதப்பட்டிருக்கிறது. மரம் தளிர்த்த நாளை எழுத அதில் இடமில்லை. கோவையைச் சுற்றிச் சாலைகள் அகலமாக்கப்பட்டபோது நிழல்மரங்கள் பல வெட்டுண்டன. அவை எந்நாளில் தளிர்த்து வந்தன என்பதும் அவற்றோடு போயிற்று.

முதற்கனி கிடைத்ததும் மதீனா மக்கள் அதை நபிகளாரிடம் (ஸல்) கொண்டுவருவர் என்பதும், அவர்கள் துஆ செய்தபின் அங்கிருக்கும் மிகச் சிறிய குழந்தையை அழைத்து அதனைக் கொடுப்பார்கள் என்பதும் ஸஹீஹ் முஸ்லிமில் வரும் செய்தி. பருவத்தின் முதல் அடையாளத்தை நின்று கவனிக்கும் வழக்கம் நமக்குப் புதிதன்று. பள்ளிவாசல் முற்றத்திலோ வீட்டு வாசலிலோ புங்கமோ வேம்போ நிற்கும் இல்லங்கள் சூலூர்ப் பகுதியில் இன்னும் உள்ளன. முதல் தளிர் கண்ட நாளை ஹிஜ்ரி, ஆங்கிலம் இரண்டிலும் ஒரு நோட்டில் குறித்து வைக்கலாம். ஆங்கிலத் தேதி அநேகமாக அருகருகே நிற்கும். ஹிஜ்ரித் தேதி ஆண்டுக்குச் சுமார் பதினொரு நாள் முன்னே நகர்ந்துகொண்டிருக்கும். அக்குறிப்பை இன்று தொடங்கும் சிறுவன், ரபீஉல் அவ்வல் மீண்டும் மார்ச்சுக்கு வரும் காலத்தில் முப்பது வயதை நெருங்குவான்.