பெத்லஹேம் சுவர்களில் இரு பெண்கள்

ஃபலஸ்தீன மண்ணில் இஸ்ரேல் 2002இல் எழுப்பத் தொடங்கிய பிரிவினைச் சுவர் சர்வதேசச் சட்டத்துக்கு முரணானது என 2004 ஜூலையில் சர்வதேச நீதிமன்றம் கருத்துரைத்தது. சுவர் அகலவில்லை, ஓவியர்களின் பலகையாயிற்று.

2007இல் பெத்லஹேம் நகரச் சுவரொன்றில் பிரிட்டிஷ் ஓவியர் பேங்ஸி வரைந்த சித்திரத்தில், இளஞ்சிவப்பு ஆடையணிந்த சிறுமி ஒருத்தி, கைகளை உயர்த்திச் சுவரை நோக்கி நிற்கும் சிப்பாயைச் சோதனையிடுகிறாள். அவனது துப்பாக்கி அருகே சாய்ந்து கிடக்கிறது. சோதனைச் சாவடியின் அன்றாடக் காட்சி இங்கே தலைகீழாகிறது. அதிகாரம் எளியவளின் கைக்கு மாறுகிறது. ஆயினும் உலகின் மனச்சாட்சியைத் தொட, அவள் பெயரற்ற, பாவமறியாக் குழந்தையாகவே இருக்க வேண்டியிருக்கிறது.

பிரிவினைச் சுவரில் இடம்பெற்ற மற்றொரு பெண், 1969 விமானக் கடத்தலில் பங்கேற்ற லைலா காலித். தலையில் கஃபிய்யா, கையில் துப்பாக்கி. இவருக்குப் பெயருண்டு, வரலாறுண்டு. அவர் சென்ற வழியை ஏற்பதும் மறுப்பதும் வேறு விவாதம். இவ்வோவியம் இரக்கத்தை யாசிக்கவில்லை என்பதே இங்கு கருதத்தக்கது.

முன்னது பெண்ணைக் களங்கமின்மையின் சின்னமாக்குகிறது. பின்னது போரின் சின்னமாக்குகிறது. மகவை ஏந்திச் சாவடியில் மணிக்கணக்கில் காத்துநிற்கும் தாய் இவ்விரண்டிலும் இல்லை. சின்னம் பெண்ணை உயர்த்துகிறது. சில வேளை மறைத்தும் விடுகிறது. போர்க்கால ஓவியத்தைப் படிப்போர், வரையப்படாதவரையும் தேடிக் காண்பதே நீதி.